துணைக்கு மூன்று காஜா

ஒரு நாளைக்குப் பத்து தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஃபேர்லேண்ட்ஸில் என் மகன் வீட்டில், மருமகள் காலையில் இரண்டு பாட்டில்களை நிரப்பி என் மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் வந்ததும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கிறாள். பத்து தம்ளர் என்றால் எந்தத் தம்ளர்? எங்கள் வீட்டு அலமாரியிலேயே நான்கு அளவுகளில் தம்ளர்கள் இருக்கின்றன. டாக்டரிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்தார். கணக்குக் கேட்டால் சிரிக்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு.

தண்ணீர் குடி என்று யாராவது எனக்குப் புத்தி சொன்னால் என் அத்தையின் நினைவு வரும். அப்பாவுக்கு நேர் இளையவள். பதினாறு வயதில் கல்யாணமாகிப் பர்மாவுக்குக் கப்பலேறினாள். அங்கே ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அவள் கணவர் சண்டைக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். ஜப்பான்காரன் குண்டு போட்டதும், ஆயிரக்கணக்கான பேரோடு அவளும் நடந்தாள். நடந்து, படகேறி, ரயிலேறி, கடைசியில் ஒரு காலை நேரத்தில் சூரமங்கலத்தில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு துணி மூட்டை, ஒரு கத்தரிக்கோல். குழந்தைகள் இல்லை. அழுதுகொண்டு வருவாள் என்று அம்மா முந்தானையைத் தயாராக வைத்திருந்தாள். அத்தை உள்ளே வந்து, குளித்து, மூன்று தட்டு சோறு சாப்பிட்டுவிட்டு, "அண்ணி, ரசத்துல உப்பு ஒரு கல்லு பத்தாதுங்க" என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

ஆனால் சும்மா இருக்க அவளால் ஆகவில்லை. அப்பா குட்ஷெட்டில் குமாஸ்தா. ஒரு ஆளுக்குச் சோறு போட முடியாதவர் அல்ல. அத்தை கேட்கவில்லை. "அண்ணன் ஊட்டுச் சோறு ஆறு மாசம் இனிக்குமுங்க. அப்புறம் பழைய மாவாட்டம் புளிச்சுப் போகும்" என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வேலை தேடிப் போனாள்.

அப்போது குட்ஷெட்டுக்குத் தெற்கே ஒரு பழைய பஞ்சுக் கிடங்கு இருந்தது. ஒரு காண்ட்ராக்டர் அதை வாடகைக்கு எடுத்துப் பட்டாளத்துக்குக் காக்கிச் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முன்பாதியில் ஆண்கள் மிஷின் ஓட்டினார்கள். பின்பாதியில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்து காஜா எடுத்தார்கள். பொத்தான் நுழைவதற்குத் துணியை வெட்டி, வெட்டிய விளிம்பு பிரியாமல் சுற்றிலும் நெருக்க நெருக்கமாக நூல் கட்டுவதுதான் காஜா. ஒரு சட்டைக்கு ஏழு காஜா. ஏழும் முடித்து, ஏழு பொத்தானும் வைத்தால் ஓர் உருப்படி. உருப்படிக்கு அரையணா. மாதச் சம்பளம், நாள் சம்பளம் என்றெல்லாம் கிடையாது. எத்தனை உருப்படியோ அத்தனை அரையணா. உள்ளூர்ப் பெண்கள் அந்தக் கூலிக்கு வரவில்லை. வந்தவர்கள் முப்பத்தாறு பேர். அத்தனை பேரும் அத்தையைப் போலப் பர்மாவிலிருந்து வந்தவர்கள். ஒருவருக்கும் இந்த ஊரில் வேறு வேலை தெரியாது, வேறு வேலை கொடுப்பாரும் இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்திரை விடுமுறை. மத்தியானச் சோற்றைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு போவேன். அத்தை சாப்பிட்டு முடிக்கும்வரை காஜாக்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் ஒரு நாளைக்குப் பதினான்கு உருப்படி முடிப்பாள். அந்தக் கிடங்கில் அவளுக்கு மேலே செல்லம்மா என்ற ஒருத்தி மட்டும்தான் இருந்தாள். சொந்த ஊர் ராமநாதபுரத்துப் பக்கம், பர்மாவில் மோல்மேனில் இருந்து வந்தவள். ஊசியும் வேகம், வாயும் வேகம்.

கிடங்கின் வாசலில் ஒரு பெரிய தண்ணீர்ப் பானை மணல்மேல் உட்கார்ந்திருக்கும். மேஸ்திரி அதில் வெட்டிவேர் போட்டு வைத்திருப்பார். கெட்ட மனிதர் அல்ல. அந்தப் பானையைப் பற்றி அவருக்கு ஒரு பெருமை உண்டு. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்: "எங்க பொம்பளைங்களாட்டம் எங்கீங்க வரும்? காத்தால ரொப்புன பானை பொழுது எறங்கறவரைக்கும் அப்படியே நிக்குது. ஒரு சொட்டு கேக்க மாட்டாங்க. பர்மா காட்டுல நடந்து பழகுனவங்க, பாருங்க." நானும் போய்ப் பானையை எட்டிப் பார்ப்பேன். கழுத்து வரை தண்ணீர் இருக்கும். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களுக்குத் தாகம் எடுக்காது என்பதை நான் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இரண்டு பேருக்குச் சொல்லியும் இருந்தேன்.

விஷயம் வேறு. அது பிற்பாடு, எனக்குக் கல்யாணமான பிறகு, அத்தை என் மனைவியிடம் சொன்னது. கிடங்கில் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. தண்டவாளங்களைத் தாண்டி, நிற்கிற கூட்ஸ் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கத்து முள்காட்டுக்குத்தான் போக வேண்டும். வழியெல்லாம் மூட்டை தூக்கும் ஆண்கள். தனியாகப் போக முடியாது. ஒருத்தி துணைக்கு வர வேண்டும். போய்த் திரும்புவதற்குள் மூன்று காஜா நேரம் ஓடிவிடும். துணைக்கு வந்தவள் எதற்காகத் தன் கூலியை இழப்பாள்? ஆகவே அவர்களுக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். கூட்டிப் போனவள் திரும்பி வந்ததும், துணைக்கு வந்தவளின் சட்டையில் மூன்று காஜா எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். அதாவது ஒருமுறை எழுந்து போனால் தன் மூன்று, துணையின் மூன்று, ஆக ஆறு காஜா நஷ்டம். ஒரு சட்டைக்கு ஒன்றுதான் குறைவு. இந்தக் கணக்கு தெரிந்த எவள் பானைப் பக்கம் போவாள்? காலையில் வீட்டிலேயே அரைத் தம்ளரோடு நிறுத்திக்கொண்டு வருவார்கள்.

"துணைக்கு மூணு காஜா" என்று அவர்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்திருக்கிறது. தாயக்கட்டம், பல்லாங்குழி மாதிரி அது ஏதோ பெண்கள் விளையாட்டு என்று நினைத்தேன்.

அந்தச் சித்திரையில் அத்தைக்கு உடம்புக்கு முடியாமல் போனது. சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடப்பாள். கொல்லைக்குப் போனால் வெகுநேரம் கழித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீரோடு வருவாள். எனக்கு ஒன்றும் சொல்லமாட்டார்கள். "சூடு" என்பாள் அம்மா. சூட்டுக்குக் காரணம் என்னவென்று வீட்டில் பெரிய ஆராய்ச்சி நடந்தது. அம்மா, பர்மாவில் தின்ற கருவாட்டு ஊறுகாய்தான் இன்னும் இறங்கவில்லை என்றாள். அப்பா, காக்கிச் சாயம் என்றார். பக்கத்து வீட்டு அம்மாள், நாள் முழுவதும் சிமிட்டித் தரையில் உட்கார்ந்தால் சூடு ஏறாதா என்றாள். வெந்தயம், உச்சியில் விளக்கெண்ணெய், இரண்டு கால் கட்டைவிரல் நகத்திலும் சுண்ணாம்பு என்று வைத்தியம் நடந்தது. கிடங்குக்குப் போனபோது பார்த்தேன். அங்கே பாதிப் பேருக்குக் கட்டைவிரலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு. அதை நான் பர்மா நாகரிகம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீர்க்கடுப்புக்காரி அடிக்கடி எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் ஆறு காஜா. அத்தை மூன்றாம் நாளே செல்லம்மாவுக்குப் பதினைந்து காஜா பாக்கி வைத்துவிட்டாள். பாக்கி ஏறக்கூடாது என்று அந்த அரைத் தம்ளரையும் விட்டாள். கடுப்பு இன்னும் கூடியது.

"ரெண்டு நாளைக்குப் போகாம படுத்துக்க அம்மிணி" என்றாள் அம்மா.

"பாயச் சுருட்டிருவாங்க அண்ணி" என்றாள் அத்தை.

அது அந்தக் கிடங்கின் சட்டம். ஒருநாள் வராதவளின் பாயைச் சுருட்டிச் சுவரில் சாத்திவிடுவார்கள். வாசலில் எப்போதும் காத்துக்கொண்டிருக்கும் ஐந்தாறு பேரில் ஒருத்தி அதை விரித்து உட்கார்ந்துவிடுவாள். பாய் போனால் போனதுதான். அத்தைக்கு அந்தப் பாய் இரண்டு முழ அகலச் சொந்த ஊர். ஆகவே காய்ச்சலோடு போய்க்கொண்டிருந்தாள்.

அம்மா தன் பிறந்த ஊரான மல்லசமுத்திரத்துக்கு ஆள்விட்டாள். நான்காம் நாள் விடிகிற நேரத்தில் மாமா வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. பெரிய மீசை, பெரிய குரல். மனதில் பட்டதை உடனே செய்துவிட்டுப் பிறகு அதற்குக் காரணம் தேடுகிறவர். வண்டியில் நான்கு சாக்கு நுங்கு.

"பனந்தெளுவுதான் கொண்டாரலாம்னு பாத்தேன். வர்ற வழியில அது கள்ளாப் போயிரும். போலீசு என்னையப் புடிச்சுட்டுப் போனா உன்ற நாத்தனாருக்கு ஆரு வைத்தியம் பாக்கறது?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அரிவாளை எடுத்து ஒரு காயைச் சீவி அத்தையிடம் நீட்டினார்.

அத்தை ஒரே ஒரு கண் மட்டும் நோண்டித் தின்றாள். "மிச்சத்த பொழுதோட வந்து தின்னுக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இரவெல்லாம் மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர். வைத்தியம் பொழுது சாய்ந்த பிறகுதான் என்றால் என்ன அர்த்தம்? மத்தியானம் நான் போசியோடு கிளம்பியபோது, "இரு சாமி, நானும் வாரேன்" என்றார். வண்டியிலேயே போனோம்.

மேஸ்திரிக்கு முதலில் நான்கு காய் சீவிக் கொடுத்ததில் கிடங்கின் கதவு தானாகத் திறந்தது. பெண்கள் மத்தியானச் சோறு முடித்துவிட்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்கள். மாமா நடுவில் சாக்கைக் கவிழ்த்தார். "எல்லாரும் வாங்கம்மா. எல்லாருக்கும் சூடுன்னு கேள்விப்பட்டேன்" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. நுங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு கைகூட நீளவில்லை.

"வேணாம்ணே" என்றாள் செல்லம்மா. "நீங்க பாட்டுக்கு வெட்டிக் குடுத்துட்டு வண்டியப் பூட்டிருவீக. அப்பறம் எங்க பாடு?"

"என்ன பாடு? வயிறு குளுந்து போகும். அதானே?"

"அதத்தாண்ணே சொல்றேன்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமாவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. மாமா ஒரு காயைச் சீவிக்கொண்டு நேராக அத்தையின் பாய்க்கு முன்னால் போய் நின்றார். "நான் இவளுக்கு ஒறமொறைக்காரன். நீட்டுன கைய மடக்கிக்கிட்டு ஊருக்குப் போறதா, அம்மிணி? போய் மல்லசமுத்திரத்துல என்ன சொல்றது? பட்டணத்துல நம்ம நுங்கு எறங்கலைன்னா?"

முப்பத்தைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறவுக்காரர் முறையாகக் கொண்டுவந்து நீட்டியதைப் பலர் நடுவில் மறுப்பது எங்கள் பக்கத்தில் முகத்தில் அடிப்பது மாதிரி. அத்தை சட்டையை மடியிலிருந்து இறக்கினாள். கட்டைவிரலால் முதல் கண்ணை நோண்டினாள். இரண்டாவது. மூன்றாவது. பிறகு தானாகவே அடுத்த காய்க்குக் கையை நீட்டினாள். நான்கு நாள் காய்ந்த நாக்கு. ஒருமுறை ஈரம் பட்ட பிறகு நிற்குமா? ஒன்பது கண் தின்றாள். நான் எண்ணினேன். கழுத்தெல்லாம் நீர் வழிந்தது.

"அட போங்கடி. நானும் பொம்பளதான்" என்று செல்லம்மா எழுந்து வந்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாமாவின் அரிவாளுக்கு ஓய்வில்லை. நான்கு சாக்கும் காலி. நுங்கு தின்றதும் தாகம் இன்னும் எடுத்ததோ என்னவோ, மேஸ்திரியின் வெட்டிவேர்ப் பானையையும் கவிழ்த்துக் குடித்தார்கள். மாமா மீசையைத் தடவிக்கொண்டு வண்டிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் ஊசிகள் வேகமாக ஓடின. பிறகு மெதுவாக ஓடின. பிறகு ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவள் அடுத்தவளைப் பார்த்தாள். யாரிடம் துணை கேட்பது? எல்லாருக்கும் ஒரே நிலைமை. கடைசியில் அத்தைதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஆரு துணைக்கு வாரீங்க?"

"நானு" என்றாள் ஒருத்தி. "நானும்" என்றாள் இன்னொருத்தி. "அப்ப ஆருக்கு ஆருடி காஜா பாக்கி?" என்று செல்லம்மா கேட்டாள். மற்ற முப்பத்தைந்து பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.

ஊசிகளைச் சட்டைகளில் குத்திவிட்டு, வரிசையாக வெளியே வந்து, தண்டவாளங்களைத் தாண்டினார்கள். நடுவில் ஒரு கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையோடு ஒதுங்கி நின்றார்கள். ஆபீஸில் எழுதிக்கொண்டிருந்த அப்பா, ஜன்னல் வழியாகத் தன் தங்கை முன்னால் போக, ஒரு பெண் பட்டாளம் பின்னால் போவதைக் கண்டு, வேலைநிறுத்தம் என்று பயந்து பேனாவோடு வெளியே ஓடிவந்தார். "எங்கம்மா போறீங்க எல்லாரும்?" என்று அவர் கேட்டதற்குச் செல்லம்மா, "சும்மா, மூணு காஜா தூரம்ணே" என்றாள். கிடங்கில் மேஸ்திரி முப்பத்தாறு வெறும் பாய்களுக்கு நடுவில் தலையில் கைவைத்து நின்றார்.

அப்படி அன்று மூன்றுமுறை போனார்கள். மூன்றாம்முறை பாட்டுக் கூடப் பாடினார்கள். இரவு ரயிலுக்கு ஏற வேண்டிய சட்டை மூட்டைகளில் ஒன்று குறைந்தது. அத்தை அன்று வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டாள், படுத்தாள், காய்ச்சலில்லாமல் தூங்கினாள். "பாத்தியா நுங்க?" என்றார் மாமா.

மறுநாள் காண்ட்ராக்டரே வந்துவிட்டார். நான் போசியோடு உள்ளே நுழைந்தபோது உச்சக் குரலில் கத்திக்கொண்டிருந்தார். "ஆரோட ஆளு நுங்கு கொண்டாந்தது? அந்தப் பாயைச் சுருட்டு."

அத்தை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கை மட்டும் பாயின் ஓரத்தைப் பிடித்திருந்தது. மேஸ்திரி தயங்கித் தயங்கி வந்து பாயின் மறுமுனையைத் தொட்டார்.

அப்போது செல்லம்மா எழுந்தாள். தன் பாயைத் தானே சுருட்டினாள். சுருட்டிக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்திவிட்டு, "நானும் நுங்கு தின்னேங்க. பன்னெண்டு கண்ணு" என்றாள். அடுத்தவள் எழுந்து, "நான் ஏழு" என்று தன் பாயைச் சாத்தினாள். அதற்கடுத்தவள், "நான் எட்டு, பானைத் தண்ணி ரெண்டு சொம்பு." சுவரில் பாய்கள் அடுக்கடுக்காக ஏறின. முடிக்காத காக்கிச் சட்டைகள் தரையில் கிடந்தன. வாசலில் காத்திருந்த ஐந்தாறு பேருக்கு இத்தனை பாயை விரிக்கத் தெம்பு கிடையாது என்பதைக் காண்ட்ராக்டர் கண்ணாலேயே எண்ணிப் பார்த்தார்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு மேஸ்திரியைக் கேட்டார்: "போயிட்டு வர எவ்வளவு நேரமாகுது?"

"மூணு காஜா நேரமுங்க."

"பக்கத்துலயே இருந்தா?"

மேஸ்திரி யோசித்தார். "அரைக் காஜாகூட ஆகாதுங்க."

காண்ட்ராக்டர் படித்தவர் அல்ல. ஆனால் மனக்கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர். மறுநாளே கிடங்கின் பின்சுவரை ஒட்டி ஆட்கள் மூங்கில் நட்டார்கள். நான்கு பக்கமும் ஓலைத் தட்டி கட்டினார்கள். தட்டிச் செலவுக்காக ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காஜா வீதம் இரண்டு மாதத்துக்குப் பிடித்துக்கொள்வதாக மேஸ்திரி அறிவித்தார். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. சிலர் மேஸ்திரியைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்த மாதமே முன்னைவிட இரண்டு மூட்டை கூடுதலாக ரயிலேறியது என்று அப்பா சொன்னார்.

கண்ணெரிச்சலும் முதுகுவலியும் அவர்களை விடவில்லை; அவை அரையணாவோடு ஒட்டிப் பிறந்தவை. ஆனால் அத்தை குனிந்து நடப்பது நின்றது. பழையபடி ரசத்தில் உப்புப் பார்க்க ஆரம்பித்தாள். மாமா தன் கடைசிக் காலம்வரை, பர்மா சூட்டைத் தணித்தது மல்லசமுத்திரத்து நுங்குதான் என்று கேட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் மறுக்கவில்லை.

எனக்கு அந்த ஓலைத் தட்டிதான் உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு மாதத்துக்கு நாளொரு காஜா, முப்பத்தாறு பேர். பெருக்கிப் பார்த்தால் முந்நூறு சட்டைக்கு மேல் வந்தது. அத்தனை விலை கொடுத்து வாங்கியது என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிடங்கு பூட்டியிருந்தபோது, பின்பக்கமாகப் போய்த் தட்டியை விலக்கிப் பார்த்தேன். மேலே கூரைகூட இல்லை. வெறும் மண். இரண்டு தட்டைக் கற்கள். மூலையில் ஒரு தண்ணீர் மொடா, அதன்மேல் ஒரு கொட்டாங்குச்சி. வேறு ஏதாவது புதைத்து வைத்திருக்கிறார்களோ என்று காலால் மண்ணைக் கிளறியும் பார்த்தேன்.

வீட்டுக்கு ஓடிவந்து அத்தையிடம் சொன்னேன். "அத்தை, அதுக்குள்ள ஒண்ணுமே இல்லியே. இதுக்கா காஜா குடுக்கறீங்க?"

அத்தை சொம்பை அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். புரையேறும்படி சிரித்தாள். அம்மா அவள் தலையில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தாள். காண்ட்ராக்டர் முப்பத்தாறு பேரையும் நன்றாக ஏமாற்றிவிட்டார், இந்த இரண்டு பேருக்கும் அது தெரியக்கூட இல்லை என்று நினைத்து, அத்தைக்காக மிகவும் வருத்தப்பட்டேன்.